முழங்கை மடங்கும் வரை

என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆந்திர எல்லையோரம் இருக்கும் நகரியில் தமிழ் வாத்தியார் வேலை. வகுப்பில் நான் கத்தினால் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் தெலுங்கு மீடியம் பிள்ளைகளும் கை கட்டிக்கொண்டு உட்காருவார்கள் என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். என் மனைவி அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவளும் சளைத்தவள் இல்லை. நெரிசலில் வலது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முந்துக்கு ஜரகண்டி, முன்னால போங்கப்பா" என்று இரண்டு மொழியிலும் அவள் போடும் சத்தத்தில், இல்லாத இடம் எங்கிருந்தோ வந்துவிடும். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும். பக்கத்து வீட்டு டிவி சத்தம் எங்களுக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை.

அன்றைக்கும் சண்டைதான். அவளுக்கு அன்று முதல் பஸ்ஸில் டூட்டி. விடிவதற்குள் அவளை டிப்போவில் கொண்டுபோய் விட வேண்டும். நான் எழுந்ததே தாமதம். பைக்கில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

"லேட்டா வர்ற பசங்கள வெளியில நிக்க வெக்கிறியே, உன்ன யாரு மாமா நிக்க வெக்கிறது?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். வண்டியை முறுக்கினேன். "மெதுவா போ மாமா, முன்னால ஸ்பீட் பிரேக்கர் கீது" என்றாள். அது என் காதில் நன்றாக விழுந்தது. வேகத்தடையும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் சொல்லிவிட்டாளே என்ற ஒரே காரணத்துக்காக நான் பிரேக்கைத் தொடவில்லை. அவ்வளவு அற்பமான காரணம். வண்டி எகிறி இறங்கியபோது முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லை.

அவள் வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே கை தப்பான திசையில் திரும்பிக் கிடந்தது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் எங்கே போவது என்று யாரும் யோசிப்பதில்லை. புத்தூர் கட்டுதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் வைத்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் விடுவோமா. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு அங்கே போனோம். கட்டுப் போடுகிறவர் படத்தைப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், எலும்பை இழுத்துப் பொருத்தினார். பச்சிலை அரைத்த விழுதைப் பூசி, முட்டையின் வெள்ளைக் கரு தோய்த்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். இவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. வலிக்கிறதா என்று யாரோ கேட்டதற்கு, "எப்போ டூட்டிக்குப் போலாம்?" என்றாள்.

"முதல்ல எலும்பு கூடட்டும்மா" என்றார் அவர்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் உண்மையைச் சொல்லத்தான் பார்த்தேன். "என் தப்புதான்" என்பேன். உடனே எதிரே இருப்பவர் உச்சுக் கொட்டுவார். "நீ இன்னா பண்ணுவே, அவ நேரம்." இன்னொருவர், "தலைக்கு வந்தது கையோட போச்சு." என்னைத் திட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லை. மாமியார், என் சொந்த அத்தை, மகளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கினாள். அவளாவது நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "நீ மனச வுட்றாதே நைனா" என்று என் தலையைத் தடவினாள். வேண்டாம் அத்தை என்று கையை எடுத்துவிடத் தோன்றியது.

எல்லாவற்றையும்விட என்னைத் தின்றது என் மனைவியின் மௌனம். குழம்பில் உப்பு கூடினால் தெருவே கேட்கும்படி கேட்கிறவள், அந்த விடியற்காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவேளை விழுந்த அதிர்ச்சியில் மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். மன்னித்துவிட்டாளோ என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டாவதை நினைப்பது வசதியாக இருந்தது.

தண்டனை யாரும் கொடுக்காததால் நானே ஒன்றைத் தேடிக்கொண்டேன். தெருக்கோடியில் கங்கம்மா கோயில். ஒரு செவ்வாய்க்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு போய், எரியும் கற்பூரத்துக்கு முன்னால் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். அவள் கை தானாக அவள் வாய்க்கு எட்டும் வரைக்கும் என் கையால்தான் அவளுக்குச் சோறு, நான் ஊட்டாமல் ஒரு பருக்கை அவள் தின்னக் கூடாது என்று. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அப்போது மனம் எவ்வளவு லேசானது என்று சொன்னால் வெட்கக்கேடு. கை உடைந்தவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு தட்டோடு போய் உட்கார்ந்தபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எடது கையில ஸ்பூன் புடிச்சி துன்ன மாட்டனா நான்?" என்றாள். வேண்டுதல் விவரத்தை அத்தை சொன்னாள். சாமி விஷயம் என்றதும் அவள் வாயைத் திறந்தாள்.

ஊட்டுவது ஒன்றும் லேசான வேலை இல்லை. முதல் வாரம் உருண்டை பெரிதாகிப் பாதி மடியில் விழும். "இட்லிய துணி ஊற வெக்கிற மாதிரி முக்கிகினு கீறியே, எடு மாமா சீக்கிரம்" என்பாள். கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, கை சுடச் சுட அவள் வாயில் வைக்கப் பழகினேன். எந்த உருண்டைக்குப் பிறகு தண்ணீர் கேட்பாள் என்பதுகூடத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே என்பதால் மதிய மணி அடித்ததும் பைக்கில் பறந்து வருவேன். வேகத்தடைகளில் மட்டும் நன்றாக நிதானித்து ஏறி இறங்குவேன்.

தெருவில் என் பெயர் எங்கேயோ போய்விட்டது. "புது மாப்பிள்ளை கெட்டான் போ" என்று ஆண்கள் சீண்டினார்கள். பெண்கள் என் காதுபடவே தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்து, "பாத்துக் கத்துக்க" என்றார்கள். இவளிடம், "நீ குடுத்து வெச்சவம்மே" என்றார்கள். அவள் சிரித்தும் சிரிக்காமலும் இருப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கத்தால் குனிகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். முதலில் கூச்சம்தான். போகப் போக அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்துப்போனது. கையை உடைத்தவனுக்கு நல்லவன் பட்டம், அதையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாள் வந்ததும் கட்டை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்த கையைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோல் செதில் செதிலாக உரிந்து, சதை வற்றி, முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. நீட்டினால் நீளவில்லை, மடக்கினால் மடங்கவில்லை. ஆனால் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. கட்டுப் போட்டவர் எண்ணெய் கொடுத்து, "தடவுங்க. சின்னச் சின்ன வேலையா செஞ்சி கைய பழக்கத்துக்குக் கொண்டு வரணும்" என்றார். அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் எண்ணெயை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வலது கையால் காப்பி டம்ளரை எடுக்கப் பார்த்தாள். கை நடுங்கி, காப்பி புடவையில் கொட்டியது. நான் பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கினேன். "அப்போ நான் எதுக்கு கீறேன்?" என்றேன். இன்னொரு நாள் சீப்பை எடுத்தாள். அதை அத்தை பிடுங்கினாள். அவள் கை எதையாவது தேடிப் போவதற்குள் நாங்கள் இருவரும் அந்தப் பொருளை எடுத்து நீட்டிவிடுவோம். அவள் முகம் வலியில் சுருங்கினால் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு சுருக்கமும் அந்த விடியற்காலையை எனக்குக் காட்டியது. அதனால் அவளுக்கு வலிக்கவே விடாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் தெரிகிறது, அதில் அவள் வலியைவிட என் வலிதான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

வேண்டுதலின் சிக்கல் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கை வாய்க்கு எட்டினால்தான் நான் ஊட்டுவதை நிறுத்துவேன். நான் ஊட்டிக்கொண்டே இருந்தால் கை எதற்காக வாயைத் தேடிப் போகும்? சாமிக்கு முன்னால் நின்று என் மனைவியின் கைக்கு நானே பூட்டுப் போட்டிருக்கிறேன்.

டூட்டிக்குத் திரும்ப வேண்டுமானால் டாக்டர் பார்த்துத் தகுதி சொல்ல வேண்டும். திருப்பதிக்குப் போனோம். தலைக்கு மேல் இருக்கும் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். முழங்கை நீளாமல் கை தலை உயரத்தைத் தாண்டாமல் நின்றுவிட்டது. அவர் நல்ல மனிதர், சிறிது அவகாசம் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் ஓடும் பஸ்ஸில் வேலை கிடையாது, டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றார். வெளியே வந்ததும் அவள், "பஸ்ஸுல வுட்டுட்டுப் போன கொடைக்குக் காவலா என்னை ஒக்கார வெப்பாங்க. அதுக்கு வூட்லயே கெடக்கலாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. இத்தனை நாளில் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் சொன்ன பிசியோதெரபி இடம் அதே தெருவில். ஒரு சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயதிருக்கும், கையைப் பிடித்து மெதுவாக மடக்கிப் பார்த்தாள். எலும்பில் குறையே இல்லை, மூட்டுதான் இறுகிக் கிடக்கிறது என்றாள் தெலுங்கில். சாப்பாடு எந்தக் கையால் என்று கேட்டாள்.

"ஆயனே பெடதாரு" என்றாள் என் மனைவி. அவர்தான் ஊட்டுகிறார் என்று.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வழக்கமான பாராட்டுக்கு நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"மீரே பாடு சேஸ்துன்னாரு" என்றாள். நீங்கள்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். வேண்டுதல் என்றால் என்னவென்று தெரியுமா, வீட்டில் பார்த்துக்கொள்கிறவன் படும் பாடு தெரியுமா என்று தமிழும் தெலுங்கும் கலந்து கத்தினேன். காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நான் முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, என் மனைவியிடம், "சேதினி வாடாலம்மா" என்றாள். கையைப் பயன்படுத்த வேண்டும் என்று. பிறகு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துத் தோளை நோக்கி மெதுவாக மடக்க வேண்டும், அதே மாதிரி மெதுவாக நீட்டவும் வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தள்ளவும் கூடாது, உடனே விட்டுவிடவும் கூடாது. அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் பையன், "அக்கா, ஒக்காருங்க" என்று முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தூர் தாண்டியதும் தணிந்த குரலில் பேசினாள்.

"ஊட்டுன்னு நான் கேட்டனா மாமா?"

நான் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் மனசு ஆறணும்னு சாமியாண்ட என்னவோ பேசிட்டு வந்துட்டே. என் கை ஆறுச்சா இல்லியான்னு பாத்தியா?"

சாமிக்குச் சொன்ன வார்த்தையை எப்படி மீறுவது என்று முனகினேன். "கங்கம்மாவாண்ட நான் பேசிக்கிறேன். அவளும் பொம்பளைதான்" என்றாள். மறுநாளே தனியாகக் கோயிலுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அத்தை மட்டும், குத்தமாயிடும் என்று புலம்பினாள். "ஆனா ஆவட்டும், அந்தக் குத்தம் என் மேல" என்று இவள் வாயை அடைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததுதான் நிஜமான தண்டனை. கையை மடக்கிவிட அவள் அத்தையைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டாள். "அம்மா அழுவும். நீ வா."

சுவரில் சாய்ந்து உட்காருவாள். நான் மணிக்கட்டைப் பிடிப்பேன். இந்தக் கையை உடைத்த நானே இதற்கு வலி கொடுக்க வேண்டும். முதல் நாள் அவள் பல்லைக் கடித்ததுமே விட்டுவிட்டேன். "ஏன் வுட்டே?" என்று சீறினாள். மறுபடி பிடித்தேன். மறுபடி விட்டேன். "வலிக்கிறது எனுக்கா உனுக்கா? நான் போதும்னு சொல்றவரைக்கும் கைய எடுக்காதே" என்றாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும்" என்றால் இன்னும். "அங்கியே" என்றால் அங்கேயே. அவள் மூச்சு வாங்குவதும் என் மூச்சு நிற்பதும் ஒன்றாக நடக்கும். சில நாட்கள் மடக்கி முடித்ததும் நான் கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

இதைவிடக் கஷ்டம் சாப்பாட்டு நேரம். அவள் வலது கையால் பிசைந்து எடுப்பாள். வாய்க்கு ஒரு சாண் கீழே கை நின்றுவிடும். தலையைத் தாழ்த்திக் கவ்வப் பார்ப்பாள். பாதி சோறு கழுத்தில் வழியும். குழந்தை சாப்பிடுகிற மாதிரி ஒரு கண்டக்டரம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து என் தட்டில் இருப்பதை நான் தின்ன வேண்டும். என் கை அவள் தட்டை நோக்கித் தானாகப் போகும். "உன் தட்டப் பாத்து துன்னு" என்பாள். நான் தண்ணீர் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளுவேன்.

உடம்புக்கு நம்மைவிடப் பொறுமை அதிகம். ஒரு வாரம் முழுக்க எந்த மாற்றமும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் ரவிக்கைக் கொக்கியைத் தானே போட்டுக்கொண்டிருப்பாள். தண்ணீர்க் குடத்தைக் கால்வாசி நிரப்பித் தூக்கினாள், பிறகு பாதி நிரப்பித் தூக்கினாள். வற்றிய சதை மெல்ல மெல்ல ஊறியது. எண்ணெய் தடவும்போது என் விரலுக்கு அது தெரிந்தது. வெறும் தோலும் எலும்புமாக இருந்த இடத்தில் ஏதோ ஒன்று எதிர்த்து நின்றது. ஒரு காலையில் கோழி கூவுகிற மாதிரி அவள் சத்தம் கேட்டு ஓடினேன். சீப்பு அவள் உச்சந்தலையில் இருந்தது. அத்தை வாயில் கை வைத்து நின்றாள். கை வாய்க்கும் எட்டியிருந்தது, ஊட்டாமலேயே.

முழுதாக நீளவில்லை. இன்றுவரை அந்தக் கை கொஞ்சம் வளைந்துதான் நிற்கிறது. ஆனால் மேல்கம்பியைப் பிடிக்கப் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டூட்டிக்குத் திரும்பிய முதல் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் வியர்வையும் டீசல் வாசனையுமாக வந்தாள். குளித்துவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். களியும் கத்திரிக்காய்க் குழம்பும். நான் எதிரே என் தட்டோடு உட்கார்ந்தேன். அவள் கை நிதானமாகத் தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தது. கடைசி உருண்டையை விழுங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா."

"இன்னாமே?"

"அன்னிக்கி ஸ்பீட் பிரேக்கர் கீதுன்னு சொன்னனே, உன் காதுல உழுந்துச்சா?"

பொய் சொல்ல ஒரு கணம் மனம் தயாரானது. "உழுந்துச்சு" என்றேன்.

"கண்ணுலயும் பட்டுச்சு."

"பட்டுச்சு."

"வேணும்னேதான் பிரேக் புடிக்கல."

"ஆமா."

"அப்பவே தெரியும் எனுக்கு" என்றாள்.

அப்போதே தெரியும் என்றால், இத்தனை மாதமாக ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன்.

"எப்படிக் கேக்கறது? மூணு வேளையும் உன் கையாலதான் துன்னுகினு இருந்தேன், அப்பறம் கைய மடக்கவும் உன் கைதான். உன்னாண்ட சண்டை போட்டுட்டு, அடுத்த வேளைக்கு எந்த மூஞ்சியோட வாயத் தொறக்கறது?"

நான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த மௌனம் அது. அவள் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் தட்டோடு போய் எதிரே உட்கார்ந்து அவளைப் பேசவிடாமல் செய்தது நான். கையை உடைத்ததைவிட அது பெரிது என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது.

பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். பஸ்ஸில் போடுகிற அதே குரலில், முதலிலிருந்து, ஒன்று விடாமல். அத்தை கதவருகில் வந்து நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். என் தட்டில் களி ஆறிக் கெட்டியானது. அவள் விரல்களில் ஒட்டியிருந்த குழம்பு காய்ந்து வெளிறும் வரை திட்டினாள். எல்லாம் தீர்ந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், தன் கையைத் தானே கழுவிக்கொண்டாள்.